வாடும் வரிசையில் வரையுங்கள்: தோவாளைப் பூக்களை ஆயில் பெயின்டிங்காகத் தீட்ட முழுமையான வழிகாட்டி

பூக்களை அடுக்கிவைத்து ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள் ஓவியம்) வரையச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஆறு ரோஜாவைச் செருகுவதில் தொடங்குகின்றன. நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தக் குடுவை தேவையே இல்லை. பக்கத்தில் தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது. அங்கே கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, அரளி, கோழிக்கொண்டை, பிச்சி எல்லாம் உதிரியாக, எடை போட்டுத்தான் வரும். நீண்ட தண்டோடு கையில் எடுக்கக் கிடைப்பது முக்கியமாகத் தாமரை. ஆகவே இங்கே வரைய வேண்டியது குவியல், சரம், அகன்ற வாயுள்ள உருளிப் பாத்திரத்தில் மிதக்கும் பூ. இந்த ஊர்ப் பூ இந்த ஊரில் இருக்கிற கோலத்திலேயே கேன்வாஸுக்கு வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இன்னொரு வேறுபாடு வெக்கை. ஆயில் பெயின்ட் மெதுவாகக் காயும். பூ வேகமாக வாடும். இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவே வேலையைத் திட்டமிடத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஹாலந்து ஓவியர் யான் வான் ஹைசம் பூவுக்காகப் பருவம் பருவமாகக் காத்திருந்தவர். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று 1742-இல் கடிதம் எழுதியிருக்கிறார். வான் கோ அதற்கு நேர் எதிர். 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை வரைந்தபோது, பூ சீக்கிரம் வாடிவிடுவதால் விடிந்ததும் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது என்று தம்பிக்கு எழுதினார். நான் சொல்லப்போவது இரண்டுக்கும் நடுவழி. முதல் காலையில் படம் முழுவதையும் பெரிய திட்டுகளாக மூடிவிட வேண்டும். பிறகு எந்தப் பூ முதலில் வாடுமோ அதை முதலில் முடிக்க வேண்டும்.

எந்தப் பூவை வாங்குவது

சந்தை சூடாக இருப்பது விடிவதற்கு முன். ஓணத்தை ஒட்டி, ஓணக் கொண்டாட்டம் ஆரம்பிக்கும் அத்தம் நாளுக்குப் பிறகு, கேரளத்துக்குப் போகும் லோடுகளால் விலை ஏறும். ஆனால் அத்தனை நிறமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் நாட்களும் அவைதான். பணம் கொஞ்சம் கூடப் போனாலும் அந்த வாரத்தில் ஒரு படம் வரைந்துவிடுங்கள்.

முதல் படத்துக்கு நான் சிபாரிசு செய்வது நாலு பூ மட்டும்: மூன்று தாமரை மொட்டு, ஒரு முழம் கட்டிய பிச்சிச் சரம், ஒரு கிலோ ஆரஞ்சுக் கேந்தி, கால் கிலோ வாடாமல்லி. இந்த நாலுக்கும் வாடும் வேகம் வேறு வேறு. வெட்டிய தாமரையின் நல்ல நேரம் காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதன் பிறகு இதழ் ஓரம் கறுக்கத் தொடங்கும். பிச்சி காலையில் மொட்டாக இருக்கும், சாயங்காலம் விரியும், மறுநாள் பழுப்பாகிவிடும். கேந்தி தண்ணீர் தெளித்து வைத்தால் மூன்று நாள் வரை உருவம் குலையாது. வாடாமல்லி பெயருக்கு ஏற்ப, காய்ந்த பிறகும் நிறம் காட்டும்.

தோவாளையில் கட்டும் மாணிக்க மாலையை வைத்து வரைய ஆசை வரலாம். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மாலையில் பூவையும் இலையையும் மடித்துத் தட்டையாக வைத்துக் கட்டும் நுணுக்கம் அழகுதான். ஆனால் அது முழுக்க முழுக்க ஒழுங்கான வடிவம். வளைந்து கிடக்கும் மாலையில் அந்த வடிவம் எப்படிச் சுருங்கித் தெரிகிறது என்று வரையக் கை பழகியிருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தாமரைத் தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே ஓர் அங்குலம் வெட்டி, ஆழமான வாளியில் நிறுத்துங்கள். பிச்சியை ஈரத்துணியில் சுற்றி வாழையிலையில் பொதிந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வரைய உட்காரும்போதுதான் அது வெளியே வர வேண்டும்.

வெளிச்சம்: வடக்கு ஜன்னல் எல்லா மாதமும் உதவாது

ஓவியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரை என்கின்றன. ஐரோப்பாவில் சூரியன் பகலின் பெரும்பகுதி தெற்கு வானில் போவதால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது, நிழல் நகராது. நாம் இருப்பது ஏறக்குறைய 8 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சி வெயிலே தலைக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் உங்கள் ஓவிய ஜன்னல். செப்டம்பருக்குப் பிறகு வடக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வடக்கு ஜன்னலடியில் ஈசலை (கேன்வாஸ் தாங்கியை) போட்டுவிட்டு, நிழல் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை.

ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். எதிர்ப்பக்க ஜன்னலை அடைத்துவிடுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் பூவுக்கு உருட்சியே இருக்காது.

அடுக்குவது

உயரமான ஸ்டூலின் மேல் மங்கிய துணி ஒன்றை விரியுங்கள். காவி, சாம்பல், பழைய கைலியின் வெளிறிய பச்சை எதுவானாலும் சரி, டிசைன் மட்டும் இருக்கக் கூடாது. அதன் மேல் வெண்கல உருளி. உருளி இல்லாவிட்டால் கிண்டி, பித்தளைச் செம்பு. உருளிக்குள் தண்ணீர் விட்டு இரண்டு தாமரையைத் தண்டைக் குறுக்கி வையுங்கள். மூன்றாவது வெளியே, துணியின் மேல் சாய்ந்து கிடக்கட்டும். தாமரையின் வெளி இதழ்களைக் கையால் பின்னோக்கி மடித்து விரித்துவிடலாம், கோயிலுக்குக் கட்டுகிறவர்கள் செய்வதுபோல. ஆனால் ஒன்றை மொட்டாகவே விட்டுவையுங்கள். கேந்தியை உருளியின் நிழல் பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வழிந்து வருகிற மாதிரிக் கொட்டுங்கள். வாடாமல்லி அந்தக் குவியலின் அடியில், கொஞ்சம் சிதறலாக. பிச்சிச் சரம் உருளியின் விளிம்பிலிருந்து தொங்கிக் கீழே வளைந்து கிடக்கட்டும்.

இந்த அடுக்கலை அதிகாலையிலேயே செய்யாதீர்கள். முதல் நாள் மாலையே உருளியையும் துணியையும் வைத்து, பூவுக்குப் பதில் ஆரஞ்சுப் பழம், கசக்கிய காகிதம் என்று எதையாவது போட்டு இடம் பார்த்து, நோட்டில் உள்ளங்கை அளவுக்கு நாலைந்து சின்னப் படம் போட்டுவிடுங்கள். கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே மூன்று தொனியில். எங்கே மிகப் பெரிய இருட்டு, எங்கே மிகப் பெரிய வெளிச்சம் என்று அங்கேயே தீர்மானமாகிவிட வேண்டும். காலையில் தாமரை காத்திருக்காது.

சாமான்கள்

12-க்கு 16 அங்குலக் கேன்வாஸ் போதும். கடையில் வாங்குவது ஏற்கனவே ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசியதாக இருந்தாலும், இன்னும் ஒரு கோட் அடித்து மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் பெயின்டை அதிகம் உறிஞ்சாது. ஹாக் ஹேர் பிரஷ்ஷில் தட்டை இரண்டு, முனை உருண்ட ஃபில்பர்ட் இரண்டு; மென்மையான சிந்தெடிக் ரவுண்ட் ஒன்று; ஒரு பேலட் நைஃப்.

நிறங்கள்: டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, காட்மியம் எல்லோ டீப், எல்லோ ஓக்கர், காட்மியம் ரெட், க்வினாக்ரிடோன் மெஜந்தா, அல்ட்ராமரைன் ப்ளூ, விரிடியன், பர்ன்ட் அம்பர். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் கிடைக்கிற இருட்டில் உயிர் இருக்கும்.

இளஞ்சிவப்பு வாங்கும்போது டியூபின் பின்பக்கத்திலுள்ள நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.வி. 19 அல்லது பி.ஆர். 122 என்று இருந்தால் அது க்வினாக்ரிடோன், வெளிச்சத்தைத் தாங்கும். பி.ஆர். 83 என்றால் பழைய அலிசரின். வெள்ளையோடு கலந்து மெல்லிதாகப் பூசினால் வருடங்களில் வெளிறும். தாமரைக்கு அது ஆகாது. வான் கோ பயன்படுத்திய க்ரோம் மஞ்சளில் ஒரு வகை வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். எவ்வளவு பெரிய கையானாலும் நிறமி கைவிட்டால் பூ போய்விடும்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து அடுக்களையில் இருப்பது தேங்காய் எண்ணெய். ஆயில் பெயின்ட் தண்ணீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகிறது. எந்த எண்ணெய்க்கு இந்தக் குணம் உண்டு என்பதை அயோடின் எண் காட்டும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டித்தான். ஆகவே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுக் கலந்தாலும் அந்த இடம் பிசுபிசுப்பாகவே கிடக்கும். நல்லெண்ணெயும் வேண்டாம். கடையில் லின்சீட் ஆயில் என்று, ஓவியத்துக்கென்று சுத்திகரித்ததைக் கேட்டு வாங்குங்கள். மரத்துக்கு அடிக்கிற கொதித்த லின்சீட் மஞ்சளாகிவிடும்.

எண்ணெய் வண்ணம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் 1956 நவம்பர் 1 வரை மலையாளக் கரையோடு சேர்ந்திருந்த பகுதிகள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் யென்சன் ஆயிலில் வரைவதைக் கிளிமானூர் ரவி வர்மா அருகிருந்து பார்த்தார். அந்த வழியில் பார்த்தால் நாமும் அந்த மண்ணின் மாணவர்களே.

முதல் காலை: முழுவதையும் மூடுங்கள்

பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் தேநீர்ப் பதத்துக்குக் கரைத்து, கேன்வாஸ் முழுவதும் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். இதை முந்தின மாலையே செய்தால் காலைக்குள் காய்ந்திருக்கும். அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் காய்வதைத் துரிதப்படுத்தும். வெள்ளைக் கேன்வாஸில் வெள்ளைப் பூவின் தொனியைத் தீர்மானிக்க முடியாது. இந்தப் பழுப்புத் தளத்தில் முடியும்.

அதே அம்பரை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்துக் கோடு போடுங்கள். உருளியின் வாய் நீள்வட்டம். அதன் இரண்டு முனையையும் கூர்மையாக வரைந்துவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம்; முனை வளைந்துதான் திரும்பும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து இரு பாதியும் ஒத்துவருகிறதா பாருங்கள். பூக்களுக்கு இப்போது இதழ் வேண்டாம். தாமரைக்கு ஒரு கூம்பு, கேந்திக் குவியலுக்கு ஒரு மேடு, சரத்துக்கு ஒரு வளைகோடு. அவ்வளவுதான்.

பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இதழ்கள் மறைந்து நாலைந்து பெரிய திட்டுகள் தெரியும். முதலில் இருட்டுகள்: பின்னணி, உருளியின் நிழல் பக்கம், குவியலின் அடி. அடுத்து நடுத்தொனிகள். கடைசியில் வெளிச்சம். பெயின்ட் மெல்லிதாக, டர்பன்டைன் கொஞ்சம் கூடுதலாக, எண்ணெய் இல்லாமல். பெரிய தட்டைப் பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் கேன்வாஸில் வெறும் இடமே இருக்கக் கூடாது. பின்னணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிச்சியின் வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று ஒப்பிட ஒன்றும் இராது.

உடனே தாமரை

மூடி முடித்த ஈரத்தின் மேலேயே தாமரைக்கு வாருங்கள். இதழ் நுனியில் ரோஸ் அடர்த்தி, அடிக்குப் போகப் போக வெளிறிக் கிட்டத்தட்டப் பச்சை கலந்த வெள்ளை. மெஜந்தாவோடு வெள்ளை, நுனிக்குத் துளி காட்மியம் ரெட். அடிக்கு வெள்ளையோடு லெமன் எல்லோ, ஊசி முனை அளவு விரிடியன்.

தாமரையின் அழகு அதன் நிழலில் இருக்கிறது. ஜன்னலுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற இதழ் இருட்டாக இருக்காது. வெளிச்சம் ஊடுருவி உள்ளிருந்து ஒளிரும். அந்த இதழுக்கு வெள்ளையைக் குறைத்து, மெஜந்தாவோடு மிகக் கொஞ்சம் காட்மியம் ரெட் சேர்த்துச் சூடான நிறமாக வையுங்கள். வானத்து வெளிச்சம் நேராகப் படுகிற இதழோ குளிர்ந்த ரோஸ், அல்ட்ராமரைனின் சாயல் லேசாக. இந்தச் சூடு-குளிர் மாற்றம் சரியாக விழுந்தால் நரம்புகளே தேவைப்படாது. வரையத்தான் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஒரே ஓர் இதழில் மட்டும், இதழின் வளைவோடு ஓடும்படி மூன்று நாலு கோடு.

ஓர் இதழுக்கு ஒரு இழுப்பு, அதிகம் போனால் இரண்டு. ஃபில்பர்ட் பிரஷ்ஷை நுனியில் அழுத்தி அடியை நோக்கி இழுத்துத் தூக்கிவிடுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் அடியிலுள்ள இருட்டு மேலே கலந்து சேறாகிவிடும்.

பிச்சிச் சரம்

பகல் பதினொன்றுக்குள் இதையும் முடித்துவிட வேண்டும். பிச்சி மொட்டைக் கவனித்தீர்களானால் வெளிப்புறம் ஊதா கலந்த சிவப்புச் சாயல் ஓடும். மல்லிக்கு அது கிடையாது. அந்தச் சாயலை வைத்தால்தான் நம்மூர்க்காரர் பார்த்ததும் பிச்சி என்பார்.

டியூபிலிருந்து வந்த வெள்ளையை அப்படியே வைக்காதீர்கள். சரத்தின் வெளிச்சப் பக்கத்துக்கே வெள்ளையோடு துளி ஓக்கர் சேருங்கள். நிழல் பக்கத்துக்கு வெள்ளை, அல்ட்ராமரைன், துளி அம்பர் சேர்ந்த ஒரு சாம்பல். அது நீங்கள் நினைப்பதைவிடக் கருமையாக இருக்கும். தைரியமாக வையுங்கள். முதலில் சரம் முழுவதையும் அந்தச் சாம்பலில் ஒரு கயிறாக இழுத்துவிட்டு, வெளிச்சம் படும் இடங்களில் மட்டும் மொட்டு மொட்டாகத் தொட்டு வையுங்கள். வாழைநார் இடையில் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்றிரண்டு தெரியட்டும். கலப்பில்லாத வெள்ளை படம் முழுவதிலும் இரண்டே இடத்தில்தான்: சரத்தின் மிக முன்வந்த மொட்டிலும் உருளி விளிம்பின் பளபளப்பிலும்.

கேந்திக் குவியல், வாடாமல்லி

இவை மறுநாளுக்கு. ஒரு கிலோ கேந்தியில் எத்தனை பூ இருக்கும் என்று எண்ணி எண்ணி வரைகிறவர்கள் உண்டு. படம் புள்ளிபுள்ளியாகச் சிதறிவிடும். குவியல் ஒரே பொருள். அதற்கு ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். நிழலை காட்மியம் ரெட், அம்பர், துளி மெஜந்தா சேர்த்து அடர்ந்த சிவப்புப் பழுப்பாக வையுங்கள். மஞ்சளை இருட்டாக்கக் கறுப்போ நீலமோ சேர்த்தால் பாசிப் பச்சையாகிவிடும். வெளிச்சப் பக்கத்துக்கு காட்மியம் எல்லோ டீப், துளி சிவப்பு. இரண்டும் சந்திக்கிற எல்லையில் மட்டும் ஐந்தாறு பூவுக்கு இதழ் அடுக்கைக் காட்டுங்கள். கண் மற்றவற்றைத் தானாக நிரப்பிக்கொள்ளும்.

வாடாமல்லி நிறம் மொபைல் ஃபோட்டோவில் ஒருபோதும் சரியாக வராது. நேரில் பார்த்தே கலக்குங்கள். மெஜந்தாவுக்கு வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பாகி அந்தத் தீவிரம் போய்விடும். மெஜந்தாவைத் தனியாக வையுங்கள்; நிழலுக்கு அல்ட்ராமரைன்; மேல் நுனியில் மட்டும் வெளிறிய புள்ளி. பக்கத்தில் கிடக்கும் துணியைச் சற்றுப் பச்சைச் சாம்பலாக மாற்றினால், பூவைத் தொடாமலே அதன் நிறம் ஏறும்.

உருளி

இது வாடாது. ஆகவே கடைசி. வெண்கலத்துக்கென்று ஒரு நிறம் தேடாதீர்கள். அம்பரும் ஓக்கரும் அடித்தளம். மீதி எல்லாம் பக்கத்திலிருப்பவற்றின் பிரதிபலிப்பு. கேந்திப் பக்கம் ஆரஞ்சு ஏறியிருக்கும், துணிப் பக்கம் சாம்பல், ஜன்னல் பக்கம் நீலச் சாயலுள்ள வெளிச்சக் கீற்று. இருட்டும் வெளிச்சமும் நடுத்தொனி இல்லாமல் சட்டென்று சந்திப்பதுதான் உலோகம் என்று கண்ணுக்குச் சொல்கிறது. தண்ணீரின் மட்டத்தில் தாமரைத் தண்டு சற்று முறிந்தாற்போல் தெரியும். அதை மறக்காமல் வையுங்கள்.

எல்லா உருவத்துக்கும் ஒரே மாதிரிக் கூர்மையான ஓரம் விட்டிருந்தால் இப்போது சரி செய்யுங்கள். முன்னால் இருக்கும் தாமரை நுனி கூர்மை. பின்னால் திரும்பும் இதழ், குவியலின் நிழல் பக்கம், உருளியின் இருண்ட ஓரம் எல்லாம் உலர்ந்த பிரஷ்ஷால் தடவிப் பின்னணியில் கரையட்டும்.

அடுக்கு, காய்தல், பூஞ்சை

முதல் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். தலைகீழாகப் போனால் மேல் படலம் முதலில் காய்ந்து, அடி பின்னால் அசைந்து, வெடிப்பு விழும். மறுநாள் வேலைக்கு டர்பன்டைனும் லின்சீடும் சரிபாதி. கடைசித் தொடுதல்களுக்கு லின்சீட் கொஞ்சம் கூடுதல். அம்பர் ஓரிரு நாளில் காயும். மெஜந்தாவும் டைட்டானியம் ஒயிட்டும் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும்.

குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரக்காற்றில் காய்தல் தாமதமாகும், கேன்வாஸின் முதுகில் பூஞ்சையும் பிடிக்கும். படத்தைச் சுவரில் ஒட்டிச் சாய்க்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் காற்று உலாவுகிற இடத்தில் வையுங்கள். தூசிக்குப் பயந்து பீரோவுக்குள் பூட்டாதீர்கள்: லின்சீட் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் தெளியும். நேர் வெயில் மட்டும் வேண்டாம்.

பிரஷ்ஷைத் துடைத்து, டர்பன்டைனில் அலசி, பிறகு பார் சோப்பைக் கையில் தேய்த்து நுரை வெள்ளையாகும் வரை கழுவுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. லின்சீட் காயும்போது வெப்பம் வெளியாகும். குவிந்து கிடக்கும் துணியில் அந்த வெப்பம் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டின்னில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். பெயின்ட் தடிமனாக இருந்தால் ஒரு வருடம். அதற்குள் இருட்டுப் பகுதிகள் மங்கி உறிஞ்சினாற்போல் தெரிந்தால், தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகு ரீடச்சிங் வார்னிஷ் (தற்காலிக வார்னிஷ்) ஒரு மெல்லிய கோட் அடித்துக்கொள்ளலாம். முழு வார்னிஷ் அடிக்க மழையில்லாத ஒரு மாசி நாளைத் தேர்ந்தெடுத்து, படத்தை மேஜையில் படுக்கவைத்து, அகலமான மென்பிரஷ்ஷால் ஒரே திசையில் அடித்து, படுத்த நிலையிலேயே ஒரு நாள் விடுங்கள்.